வேட்டை அனுமதிக்கு முன் தடப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

ஜிம்பாப்வே தேசியப் பூங்காக்கள் மற்றும் வனவிலங்கு மேலாண்மை ஆணையத்தின் தலைமை இயக்குநருக்கும், ஆண்டுதோறும் சிங்க வேட்டை ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கும் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன். ஹுவாங்கே தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள வேட்டை நிலங்களில் ஓர் ஆண் சிங்கம் சுடப்படுவதற்கு முன், அந்தச் சிங்கத்தைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை யாராவது ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். அது எந்த ஆணோடு சேர்ந்து திரிகிறது, எந்தக் கூட்டத்துக்குக் காவலாக நிற்கிறது, அந்தக் கூட்டத்தில் எத்தனை குட்டிகள், அவற்றுக்கு என்ன வயது என்பவையெல்லாம் உங்கள் மண்ணில், உங்கள் இசைவோடு, 1999 முதல் திரட்டப்பட்டு வரும் செய்திகள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவும் உங்கள் ஊர்த் தடம் பார்ப்பவர்களும் சேர்ந்து திரட்டியவை. உலகில் வெகு சில சிங்கங்களைப் பற்றி மட்டுமே இந்த அளவுக்குத் தெரியும். துப்பாக்கி உயரும் நேரத்தில் மட்டும் அந்த அறிவு ஓரமாக ஒதுங்கி நிற்கிறது.

நான் உங்கள் நாட்டவன் அல்லன். தமிழ்நாட்டின் ஆனைமலைப் பகுதிக்காரன். யானையோடும் சிறுத்தையோடும் ஒரே சரிவில் வாழ்வதன் விலை என்ன என்பதை எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டு வளர்ந்தவன். ஆகவே, தொலைவில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு உங்களுக்குப் பாடம் எடுக்கும் எண்ணம் எனக்கில்லை. வேட்டையை முற்றிலும் நிறுத்துங்கள் என்றும் இந்த மடலில் கேட்கப் போவதில்லை. அது உங்கள் மக்கள் பேசி முடிக்க வேண்டிய வழக்கு.

2015 ஜூலைத் தொடக்கத்தில் சிசில் என்ற ஆண் சிங்கம் கொல்லப்பட்டதை உலகம் அறியும். பதின்மூன்று வயது, கருமை ஓடிய பிடரி, கழுத்தில் ஆய்வுக்குழுவின் ஜி.பி.எஸ். பட்டை. ரயில் பாதையைத் தாண்டினால் பூங்கா முடிந்துவிடும். தாண்டிய பக்கத்தில் இரை வைத்து, அம்பு எய்து, பல மணி நேரம் கழித்துத்தான் அதன் உயிரை முடித்தார்கள். அந்த நிலத்துக்கு அந்த ஆண்டு சிங்க ஒதுக்கீடே இல்லை என்று உங்கள் ஆணையமே அறிவித்தது. பின்னர் வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2017 ஜூலையில் சிசிலின் மகன் ஸாண்டா, ஆறு வயதில், பூங்கா எல்லைக்கு வெளியே சுடப்பட்டது. அதன் கழுத்திலும் பட்டை இருந்தது. அந்த வேட்டை சட்டப்படியானது. வேட்டை வழிகாட்டி பட்டையை ஆய்வாளர்களிடம் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தார். 2019இல் சித்துலே, 2021இல் அதன் கூட்டாளியாயிருந்த மோபனே. 2025 ஜூனில் பிளாண்டி என்று அழைக்கப்பட்ட, ஐந்து வயதைக் கடந்த பட்டை அணிந்த ஆண். அதன் கூட்டத்தில் மூன்று பெண் சிங்கங்களும் பத்துக் குட்டிகளும் இருந்ததாகச் செய்திகள் வந்தன.

பிளாண்டி விஷயத்தில் உங்கள் தரப்பு சொன்ன பதில் தெளிவானது: ஆய்வுக்காக அணிவிக்கும் பட்டை வேட்டையிலிருந்து காக்கும் கவசம் ஆகாது. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பட்டை போட்ட விலங்கைத் தொடவே கூடாது என்று விதி வந்தால், நாளை யார் வேண்டுமானாலும் எல்லாச் சிங்கங்களுக்கும் பட்டை மாட்டி உங்கள் அதிகாரத்தைச் செல்லாக்காசாக்கிவிடலாம். ஆனால் பட்டை கவசம் இல்லை என்பதால் அது தரும் தகவலும் தேவையில்லை என்று ஆகிவிடாது. நான் வாதாடுவது அந்தத் தகவலுக்காக.

ஆண் சிங்கத்தின் வாழ்வு கூட்டணியில் தொடங்குகிறது. இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் பிறந்த கூட்டத்திலிருந்து துரத்தப்படும் இளம் ஆண்கள் அண்ணன் தம்பிகளாக, பெரியப்பா சித்தப்பா மக்களாகச் சேர்ந்து நாடோடிகளாகத் திரிகின்றன. உடன்பிறப்பு வாய்க்காதவை வழியில் கண்ட வேற்று ஆணோடு சேர்ந்துகொள்கின்றன. தான்சானியாவின் செரங்கெட்டியில் மரபணுவை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது: இரண்டு மூன்று பேர் கொண்ட கூட்டணியில் உறவில்லாத ஆண்களும் இருக்கலாம், நான்கும் அதற்கு மேலும் என்றால் அவை இரத்த உறவுகள்தாம். தனி ஆணுக்கு ஒரு கூட்டத்தைக் கைப்பற்றுவதே அரிது. கைப்பற்றினாலும் தக்கவைப்பது அதைவிட அரிது. கூட்டணியாக இருந்தாலுமே ஒரு கூட்டத்தின் மீதான ஆட்சி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் நீடிக்கும். குட்டி தன் காலில் நிற்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் ஆண் தன் ஆட்சிக் காலத்தில் ஒரு தலைமுறையைக் கரையேற்றுவதற்கே காலம் இழுபறியாகத்தான் இருக்கிறது. நடுவில் ஒரு தோட்டா குறுக்கிட்டால் அந்தத் தலைமுறை கரையேறாது.

ஏனென்றால், புதிதாக வரும் ஆண்கள் பழைய ஆணின் சிறு குட்டிகளைக் கொன்றுவிடுகின்றன. இதில் கொடூரம் என்று சொல்ல எதுவும் இல்லை. குட்டிகளை இழந்த தாய் விரைவில் மறுபடி இணைசேர ஆயத்தமாகிறது, வந்த ஆண்களுக்கோ காலம் குறைவு. செரங்கெட்டியில் நடந்த நீண்ட கால ஆய்வில், குட்டி இறப்புகளில் சுமார் கால் பங்கு இப்படி நேர்ந்தவை என்று கண்டார்கள். தாய்கள் குட்டிகளைக் காக்க எதிர்த்து நிற்கின்றன. சில வேளை அவையும் மடிகின்றன, சில வேளை சற்று வளர்ந்த குட்டிகளோடு கூட்டத்தின் எல்லையை விட்டே ஓடுகின்றன. அப்படி ஓடும் தாய்தான் கிராமத்து மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கக்கூடியது. ஒதுக்கீட்டுக் கணக்கில் ‘ஆண் சிங்கம் 1’ என்று எழுதப்படுவதன் உண்மைத் தொகை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆட்சியை இழந்து தனியே திரியும் கிழட்டு ஆணாக இருந்தால், அந்த ஒன்று ஒன்றுதான். குட்டிகளைக் காத்து நிற்கும் இணையில் ஒன்றாக இருந்தால், அந்த ஒன்றோடு எத்தனை போகும் என்பதைத் தடம் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

இதற்கு நேர்மாறான சாட்சியும் உங்கள் ஹுவாங்கேயிலேயே உண்டு. சிசிலின் சகோதரன் 2009இல் போட்டிக் கூட்டணியுடனான சண்டையில் இறந்தது. இடம் இழந்து அலைந்த சிசில் பிற்பாடு ஜெரிக்கோ என்ற, இரத்த உறவில்லாத ஆணோடு கூட்டணி சேர்ந்தது. சிசில் கொல்லப்பட்டபோது அதன் குட்டிகள் அவ்வளவுதான் என்று பலரும் அஞ்சினார்கள். ஜெரிக்கோ அவற்றைக் கொல்லவில்லை, கூட்டத்தோடு நின்றது. 2016 அக்டோபரில் இயற்கையாக இறக்கும்வரை அந்த நிலத்தில் அது இருந்தது. கூட்டணியில் மற்றவன் உயிரோடு இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. அடுத்தது மோபனே. அதன் கூட்டாளி சித்துலே சுடப்பட்டு இரண்டே ஆண்டுகளில் அதையும் சுட்டார்கள். முதல் மரணம் நிகழ்ந்த பிறகு இரண்டாவதை எடைபோட வேண்டிய தராசே வேறு. அந்தத் தராசு எங்காவது எடுத்து வைக்கப்பட்டதா?

பிடரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேட்டைக்கு வரும் வாடிக்கையாளர் விரும்புவது அடர்ந்து கறுத்த பிடரியை. பெண் சிங்கங்கள் விரும்புவதும் அதைத்தான் என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. கறுத்த பிடரி நல்ல ஊட்டத்துக்கும் ஆண்மைச் சுரப்புக்கும் அடையாளம். ஆக, பிடரி அழகைப் பார்த்துச் சுடும்போது, கூட்டம் பெரும்பாலும் யாரை நம்பி நிற்கிறதோ அந்த ஆணையே குறிவைத்தவர்களாகிறோம்.

இவையெல்லாம் எப்படித் தெரியவந்தன என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். அந்த உழைப்புக்கு உரிய மரியாதை பொதுவெளியில் கிடைப்பதில்லை. ஹுவாங்கே 14,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. தெற்கும் மேற்கும் கலஹாரி மணல். விடியற்காலையில் அந்த மணலில் பதிந்த தடம் ஒரு நல்ல தடம் பார்ப்பவருக்கு முழுக் கதையும் சொல்லும்: எத்தனை விலங்குகள், ஆணா பெண்ணா, நடையா ஓட்டமா, பனி விழுவதற்கு முன் போனவையா பின் போனவையா. நேரில் பார்த்தால் மீசைப் புள்ளிகளை வரைந்துகொள்கிறார்கள். மீசை வேர்களின் மேல்வரிசைப் புள்ளிகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்பது ஒவ்வொரு சிங்கத்துக்கும் தனி. 1970இல் நைரோபிச் சிங்கங்களை வைத்து விளக்கப்பட்ட அந்த முறை இன்றும் நம்பகமானது. காதுக் கிழிசல், பல் உடைவு, மூக்குத் தழும்பு எல்லாம் குறிப்பில் ஏறும். இரவில் கர்ஜனையைக் கேட்டுத் திசை குறிக்கிறார்கள். சிங்கங்களும் அதையே செய்கின்றன. அந்நியரின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுச் செரங்கெட்டியில் செய்த சோதனையில், கேட்ட குரல் ஒன்றா மூன்றா என்பதைப் பெண் சிங்கங்கள் கணக்கிட்டு, தம் எண்ணிக்கைக்கு ஏற்ப எதிர்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுத்தன. கூட்டணியின் எண்ணிக்கை காட்டில் அவ்வளவு முக்கியமான செய்தி.

பட்டை இதற்கு மேல் ஒரு கருவி. மயக்க ஊசி போட்டு, மூச்சையும் உடல் வெப்பத்தையும் கவனித்தபடி அதை மாட்டிவிட்டால், அந்தச் சிங்கம் எந்த நீர்நிலையில் இரவைக் கழித்தது, எப்போது ரயில் பாதையைக் கடந்தது, எவ்வளவு நேரம் எல்லைக்கு வெளியே இருந்தது என்பதெல்லாம் புள்ளிகளாக வந்து விழும். ஆனாலும் அந்தப் புள்ளிகளுக்குப் பொருள் சொல்பவர் மணலில் நடந்தவரே. இந்தப் பதிவுகளை ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பாக மட்டும் விட்டுவைக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தின் தினசரிக் கோப்பாக அவை இருக்க வேண்டும்.

உங்கள் ஆணையம் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்தது. அதை நன்றியோடு நினைவூட்டுகிறேன். 1999 முதல் 2004 வரை ஆய்வுக்குழு அடையாளமிட்ட 62 சிங்கங்களில் 34 அந்தக் காலத்துக்குள்ளேயே இறந்தன. அவற்றில் 24 வேட்டையில் சுடப்பட்டவை. அடையாளமிட்ட வளர்ந்த ஆண்களில் 72 விழுக்காடு, அதாவது 13 ஆண்கள், எல்லையோர வேட்டை நிலங்களில் போயின. ஓர் ஆண் எல்லையில் விழுந்ததும் காலியான இடத்தை நோக்கிப் பூங்காவின் உள்ளிருந்து மற்றோர் ஆண் நகர்ந்து வந்தது; அதுவும் சுடப்பட்டது. இப்படி, வேட்டைக்கே இடமில்லாத பூங்காவின் நடுப்பகுதி வரை வேட்டையின் இழுப்பு எட்டியது. எண்கள் மேசைக்கு வந்ததும் அந்தப் பகுதியில் 2005 முதல் 2008 வரை சிங்க வேட்டை நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது ஒதுக்கீடு குறைக்கப்பட்டது. ஆண்களின் எண்ணிக்கை நன்றாகவே மீண்டது. தடம் பார்ப்பவர் எழுதியதை ஆட்சியாளர் படித்தார், சிங்கம் பிழைத்தது. இவ்வளவு நேரான தொடர்பு வனவிலங்கு நிர்வாகத்தில் எப்போதும் வாய்ப்பதில்லை. அதற்கான பெருமை உங்களுக்கு உரியது.

அதற்குப் பின் வயது விதி வந்தது. இளம் ஆண்களைத் தொடாதே, ஐந்து ஆறு வயதைக் கடந்தவற்றை மட்டும் சுடு என்பது அதன் சாரம். 2004இல் வெளியான ஒரு கணக்கீட்டு ஆய்வு இதற்கு அடிப்படை: அந்த வயதுக்குள் ஆண் சிங்கம் ஒரு தலைமுறையை வளர்த்து முடித்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால், வேட்டை சிங்கங்களின் எண்ணிக்கையைக் குலைக்காது. மூக்கு நுனியில் கருமை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பார்த்து வயதைக் கணிக்கலாம் என்றும் அது சொன்னது. மொசாம்பிக்கின் நியாசா வனவிலங்குக் காப்பகத்தில் சுடப்பட்ட சிங்கங்களின் வயதைச் சரிபார்த்து, அதற்கேற்ப அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் கூட்டிக் குறைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் அது எந்த நிலைமைக்காக வகுக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. எதிரே நிற்கும் சிங்கத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாத இடத்தில், மூக்கைப் பார்த்து ஊகிப்பதைத் தவிர வழியில்லாத இடத்தில், அந்த விதி கைகொடுக்கும். ஹுவாங்கேயில் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. ஐந்து ஆறு வயது என்பது பல ஆண்களுக்கு ஆட்சியின் உச்சம். வயது விதியை ஐந்து வயது என்று கொண்டால் ஸாண்டாவும் பிளாண்டியும் சுடத்தக்கவை. பதிவேட்டைப் பொறுத்தவரை, கூட்டமும் குட்டிகளும் உள்ள ஆண்கள். இரண்டும் முரண்படும்போது எது உண்மைக்கு நெருக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சிங்கத்தின் பக்கம் நின்று பேசும்போது சோலோச்சோ பகுதிக் கிராமங்களை மறந்தால் இந்த மடலுக்கு மதிப்பில்லை. பூங்காவின் தெற்கே மாட்டையும் கழுதையையும் சிங்கத்துக்குப் பறிகொடுக்கிற குடும்பத்துக்கு ஒரு மாடு என்பது ஏர், பால், மகளின் திருமணம், மருத்துவச் செலவு. வேட்டை வருவாயில் ஒரு பங்கு ஊராருக்குச் சேர வேண்டும் என்று 1980களிலேயே கேம்ஃபயர் திட்டத்தைத் தொடங்கிய நாடு உங்களுடையது. பல நாடுகள் அதைப் பார்த்துக் கற்றன. சிசிலை வேட்டையாட ஓர் அமெரிக்கர் சுமார் 50,000 டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தபோது, அந்தப் பணத்தை இழக்கச் சொல்பவர்கள் அதற்கு ஈடாக என்ன தருவார்கள் என்று உங்கள் மக்கள் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் இதே கிராமங்களில்தான் தடம் பார்க்கும் அறிவு மனிதருக்கு நேரடியாக உதவுகிறது. ஊரவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட சிங்கக் காவலர்கள், பட்டை அணிந்த சிங்கம் ஊரை நெருங்கும்போது செய்தி பெற்று, மாடுகளைப் பட்டியில் அடைக்கச் சொல்லி எச்சரிக்கிறார்கள். கால்பந்து மைதானத்தில் ஊதும் வுவுசேலாவை ஊதிச் சிங்கத்தைத் திருப்பி விரட்டுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு வால்பாறை நினைவுக்கு வந்தது. அங்கே யானைக் கூட்டம் எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பது குறுஞ்செய்தியாகத் தொழிலாளர்களின் கைபேசிக்கு வருகிறது. முக்கிய இடங்களில் சிவப்பு விளக்கு எரிகிறது. மக்கள் இருட்டில் யானையின் முன்னால் போய் நிற்பது குறைந்தது. எங்கள் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் இடையில் ஒரு பெருங்கடல் இருந்தாலும், விலங்கு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் இரு பக்கமும் உயிர் பிழைக்கும் என்பதை இரண்டு ஊர்களும் கண்டறிந்திருக்கின்றன. பட்டை அணிந்த ஆண் ஒன்று சுடப்பட்டால் அந்த எச்சரிக்கை வலையில் ஒரு முடிச்சு அறுகிறது. அதன் இடத்துக்கு வரும் புதிய ஆண்களின் கழுத்தில் பட்டை இல்லை. அவை எந்தப் பட்டிக்கு எந்த இரவில் வரும் என்று காவலருக்குத் தெரியாது. வேட்டை அனுமதியின் வரவு செலவுக் கணக்கில் இந்தச் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.

என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய சட்டத் திருத்தம் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். வேட்டை வழிகாட்டிகள் இரையைக் கட்டிவைத்து, அங்கே தானியங்கிக் கேமராவைப் பொருத்தி, எந்தச் சிங்கம் வருகிறது என்று பார்ப்பது வழக்கம். அந்தப் படம் முதலில் உங்கள் அலுவலகத்துக்கு வரட்டும். மீசைப் புள்ளிகளும் பட்டையும் பதிவேட்டோடு ஒப்பிடப்படட்டும். அந்த ஆணின் கூட்டத்தில் இன்னும் தனித்து வாழ முடியாத குட்டிகள் இருந்தால், அல்லது அதன் கூட்டாளி அண்மையில் இறந்திருந்தால், இசைவு மறுக்கப்படட்டும். வாடிக்கையாளர் வேறு விலங்கைத் தேடட்டும், இல்லையேல் சிங்கமின்றி ஊர் திரும்பட்டும். ஒப்பிட்டவர் பெயரும் முடிவும் எழுத்தில் பதியட்டும். பூங்கா எல்லையை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு வேட்டையில்லாப் பகுதி வேண்டும் என்று ஸாண்டா இறந்தபோதே ஆய்வாளர்கள் கேட்டார்கள். அதை மறுபடி எடுத்துப் பேசுங்கள். எல்லைக் கோட்டின் ஓரத்தில் இரை கட்டி உள்ளிருந்து சிங்கத்தை வெளியே அழைப்பது, எத்தனை ஆவணங்கள் சரியாக இருந்தாலும், பூங்காவுக்குள் வேட்டையாடுவதற்கு ஒப்பானதே. இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

பதிவேட்டை வேட்டைக்காரர் கையில் கொடுத்தால் அதுவே சிங்கம் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமே என்ற அச்சம் ஆய்வாளர்களுக்கு இருக்கும். சரியான அச்சம். அதனால்தான் ஒப்பிடும் வேலை உங்கள் அலுவலகத்துக்குள் நடக்க வேண்டும் என்கிறேன். வெளியே போக வேண்டியது ‘சரி’ அல்லது ‘கூடாது’ என்ற ஒரு சொல்; இருப்பிடப் புள்ளிகள் அல்ல.

கோப்பை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குழுவினரே, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எந்த ஆண் எந்தக் கூட்டத்தோடு இருக்கிறது, குட்டிகளின் வயது என்ன என்பதை ஒரு பக்கச் சுருக்கமாக ஆணையத்திடம் கொடுங்கள். சிங்கம் இறந்த பிறகு அதன் வாழ்க்கை வரலாற்றை உலகத்துக்குச் சொல்கிறீர்கள். அது இறப்பதற்கு முன்பே, கையெழுத்திடும் அலுவலரின் மேசையில் அந்த வரலாறு இருக்க வேண்டும். அதில் தடம் பார்த்தவர்களின் பெயர்களையும் எழுதுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டை அறிவிக்கும்போது, ஹுவாங்கேயைச் சுற்றிய ஒவ்வொரு நிலத்துக்கும் எத்தனை சிங்கங்கள் என்ற எண்ணோடு, அந்த எண்ணை முடிவு செய்யுமுன் பதிவேட்டைப் படித்தவர் யார், படித்த தேதி என்ன என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து வெளியிடுவீர்களா? இந்தக் கேள்விக்கு உங்கள் பதிலைப் பொதுவில் எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
ஆனைமலையிலிருந்து ஒரு வாசகன்